ஒன்றரை மில்லிமீட்டர் சட்டம்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்றொரு குக்கிராமம். ஜூனிலும் செப்டம்பரிலும் அங்கே திருவிழா. குழலின் வாய்வழியே கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்காரர்களின் தேசிய சங்கம் 1933-ல் ஆரம்பமானது. அதன் தலைமை மைதானம் அந்த ஊரில்தான். மான்தோல் சட்டை, தோளிலிருந்து தொங்கும் தோல் குஞ்சலம், இடுப்பில் கத்தி, மாட்டுக்கொம்பில் செய்த மருந்துக் குடுவை, கையில் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி. இந்தக் கோலத்தில் பெரியவர்கள் வரிசையில் நின்று சுடுகிறார்கள். வெள்ளைப் புகை மைதானத்தை மூடுகிறது. கந்தக நெடி மூக்கைத் துளைக்கிறது. எல்லோரும் முறையாக வரி கட்டும் குடிமக்கள். திங்கட்கிழமை கோட்டும் டையுமாக வேலைக்குப் போய்விடுவார்கள்.

அதே புகை ஜவ்வாது மலையில் எழுந்தால் விடிவதற்குள் ஜீப் வரும்.

வேலையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளத் துப்பாக்கியை இன்று வீட்டுப் பட்டறையில் திரும்பச் செய்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. மேப்பிள் கட்டையில் குழல் உட்காரும் பள்ளத்தை உளியால் எடுக்கிறார்கள். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துக் குழலில் தடவி, பள்ளத்தில் வைத்து எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மரம் முட்டுகிறது. அந்த இடத்தில் மட்டும் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி சீவல். இப்படியே வாரக்கணக்கில். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தை மரத்தில் பூசிச் சூடு காட்டினால், வெளிறிக் கிடந்த மேப்பிளில் வரிவரியாகப் புலி கிளம்புகிறது. வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர், இரும்புப் பட்டையைக் காய்ச்சிக் குழலாகச் சுருட்டுவதிலிருந்து கடைசித் திருகாணி வரை தன் கையாலேயே செய்து முடித்ததை 1969-ல் படமாகவே எடுத்தார்கள். சுத்தியல் பிடித்த குடும்பத்தில் பிறந்த எவரும் அதைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடுவார்கள்.

சுடுவதிலும் அதே நிதானம்தான். அளவுக்குழாயில் கரிமருந்து. எச்சில் தொட்ட திண்டுத்துணித் துண்டு. அதன்மேல் ஈயக்குண்டு. கோலால் அடிமட்டம் வரை கெட்டிக்க வேண்டும்; மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டால் குழல் வெடித்து உங்கள் முகத்துக்கே வரும். வெளியே கிண்ணத்தில் ஒரு சிட்டிகை பொடி. குதிரையை ஏற்றி விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசும், பொறி பொடியில் விழும், குழலின் பக்கவாட்டில் உள்ள ஒன்றரை மில்லிமீட்டர் துளை வழியே நெருப்பு உள்ளே புகும். பிறகுதான் ‘டமார்’. அந்தத் துளையைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள். இரண்டு நாட்டு நீதி பரிபாலனம் அதன் வழியாகத்தான் ஓடுகிறது.

1963-ல் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபாலில் வந்தது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கையும் ராபர்ட் கென்னடியையும் பறிகொடுத்த பிறகுதான் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு விழிப்பு வந்தது. துப்பாக்கியைத் தபாலில் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். போட்ட கையோடு ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தார்கள். 1898 வரை செய்த துப்பாக்கி பழம்பொருள். தோட்டா போடாத பழைய தினுசின் நகலும் பழம்பொருள். நேற்று முன்தினம் ஆலையிலிருந்து பளபளவென்று வந்தாலும், கரிமருந்தை வாய்வழியே கெட்டித்தால் அது பழம்பொருள். மத்தியச் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கி கணக்கிலேயே வராது. ஆகவே உரிமம் வேண்டாம், பின்னணி விசாரணை வேண்டாம், கொரியர்க்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். கொலைக்குற்றத்தில் தண்டனை பெற்றுத் திரும்பியவர்கூட வாங்கலாம். மத்தியச் சட்டம் தடுக்காது. சில மாநிலங்கள் மட்டும் தனியாக முறைத்துப் பார்க்கின்றன. பொழுதுபோக்குக்கு என்றால் 50 பவுண்டு கரிமருந்து வரை வெடிபொருள் உரிமமும் வேண்டாம். ஏறக்குறைய 23 கிலோ. நம்மூர்க் கோயில் திருவிழாவில் வாணம் விடுகிறவர் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்.

1865-ல் ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனின் பின்மண்டையில் வைத்துச் சுட்டது ஒரு சின்னக் கைத்துப்பாக்கி. வாயில் மருந்து கெட்டித்து, கேப் மாட்டிச் சுடும் ஒற்றைக் குண்டு டெரிஞ்சர். இன்றும் அந்த அரங்கின் கண்காட்சியில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 1968-ன் சட்டப்படி பார்த்தால் லிங்கனை யாரும் துப்பாக்கியால் சுடவில்லை. ஒரு பழம்பொருள் அவர் தலையில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

பழமைமீது இத்தனை பக்தி உள்ளவர்கள் பழமையோடாவது நிற்கிறார்களா? பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு வாய்க்கெட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கென்று தனிப் பருவம் உண்டு. ஒரே குண்டு, சிரமமான ஆயுதம், மானுக்கும் ஒரு வாய்ப்பு என்று சொல்லித்தான் அதை வாங்கினார்கள். 1985-ல் டோனி நைட் என்பவர் தீ நேராக மருந்தின் முதுகில் பாயும்படி ஒரு நவீன வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிறகு மருந்து மாத்திரையாயிற்று, குண்டுக்குப் பிளாஸ்டிக் சட்டை வந்தது, குழலுக்கு மேலே தொலைநோக்கி ஏறியது. மான்தோல் சட்டை போன இடம் தெரியவில்லை. மிசிசிப்பியும் லூசியானாவும் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. அங்கே ‘ஆதிகால ஆயுதப் பருவம்’ என்று போர்டு மாட்டிய சீசனில், பின்பக்கம் திறந்து தோட்டா போடும் ஒற்றைக்குண்டு ரைஃபிளே செல்லும். வெளியே தெரியும்படி ஒரு குதிரை இருந்தால் போதும். ஆதிகாலம் அந்தக் குதிரையில் ஏறி வந்து இறங்கிவிடும். மான் மட்டும் இன்னும் அதே பழைய மான்.

2000-ல் தேசிய ரைஃபிள் சங்க மாநாட்டு மேடையில் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன் ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, தன் பிணத்திடமிருந்துதான் இதைப் பிடுங்க முடியும் என்ற பாவனையில் சவால் விட்டார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. யார் ஐயா உங்களிடம் அதைப் பிடுங்கினார்கள்? அந்தத் துப்பாக்கியை எந்தச் சட்டமும் தொடவில்லையே. ஒரு நிமிஷத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுகிற கிழட்டு ஆயுதத்தை முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் நொடிக்கொரு தோட்டா துப்பும் எந்திரங்களைப் பள்ளிக்கூட வாசல் வரை அனுப்பிவைத்தவர்களின் மேடை அது. பாவம், அந்தப் பழைய துப்பாக்கி. தாத்தாவை மேடையில் உட்காரவைத்துப் பேரன் சீட்டு நிதி மோசடி நடத்துவதை நாமும் பார்த்தவர்கள்தானே.

இனி நம் பக்கம். வேறு வழியே இல்லை, ஏனென்றால் அந்த மைதானங்களில் வெடிக்கிற துப்பாக்கிகளில் கணிசமானவை இந்தியாவில் செய்தவை. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களை வார இறுதியில் நடித்துக் காட்டும் குழுக்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. இத்தாலிய நகல் வாங்கக் கைக்காசு போதாதவர்கள் இந்திய நகல் வாங்குகிறார்கள். வால்நட் மரத்துக்குப் பதில் தேக்கைப் போட்டுவிட்டான், கனக்கிறது, செதுக்கு வேலை முரடு என்று நொட்டை சொல்லிக்கொண்டேதான் வாங்குகிறார்கள். அதில் அதிகம் போவது ‘பிரவுன் பெஸ்’. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கென்று செய்யவைத்து, பிரெஞ்சுக்காரனோடு சண்டை முற்றியபோது பிரிட்டிஷ் ராணுவமே அவசரமாக வாங்கிக்கொண்ட வகைக்கு ‘இந்தியா பேட்டர்ன்’ என்றே பெயர். நம்மைச் சுட்ட துப்பாக்கியின் நகலை நாமே செய்து அனுப்புகிறோம். அந்நியச் செலாவணி வருகிறது. நல்லது.

அனுப்பும்போது பல துப்பாக்கிகளில் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கும். அந்தத் துளை. குழல் இருக்கிறது, குதிரை இருக்கிறது, கல் பூட்ட இடம் இருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் துளை மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். துளை இல்லாததால் அது சுடாத நகல், அலங்காரப் பொருள், வரவேற்பறைச் சாமான். சுங்கத்துறை முத்திரை குத்தும், கப்பல் ஏறும். அங்கே போனதும் விற்பனையாளரோ வாங்கியவரோ கை டிரில்லை எடுத்து ஒரு ‘கிர்ர்’. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புகை.

அந்த டிரில் பிட்டை இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள் பார்ப்போம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ம் பிரிவு என்ன சொல்கிறது? உரிமமில்லாமல் துப்பாக்கியைச் செய்யக்கூடாது, விற்கக்கூடாது, மாற்றியமைக்கக்கூடாது, பழுது பார்க்கக்கூடாது, சோதித்தும் பார்க்கக்கூடாது. ஃபிரெண்ட்ஷிப் கிராமத்துப் பெரியவர்கள் ஓய்வுக்காலம் முழுக்க அனுபவிக்கிற இன்பங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் குற்றமாக்கி வைத்திருக்கிறது ஒரு வாக்கியம். 2019-ன் திருத்தத்துக்குப் பிறகு, செய்து மாட்டினால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரை போகலாம். அங்கே ஓய்வூதியத்தோடு வருகிறது பொழுதுபோக்கு. இங்கே ஆயுள் தண்டனையோடு.

கல்வராயன்மலை, ஜவ்வாதுமலை, ஏற்காடு, எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் படம் வரும். நடுவில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு நாட்டுத் துப்பாக்கி: தண்ணீர்க் குழாய் மாதிரி ஒரு குழல், கம்பியால் வரிந்து கட்டிய கட்டை. பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கரிமருந்து, இன்னொரு பையில் பால்ரஸ் குண்டுகள், நெற்றியில் மாட்டும் டார்ச் லைட், ஒரு பழைய பைக். திண்டுத்துணிக்குப் பதிலாகத் தேங்காய் நார். மேசைக்குப் பின்னால் விறைப்பாக நிற்கும் காவலர்கள் அரை டஜன். அவர்களுக்கு முன்னால், தரையில் குத்துக்காலிட்டு, முகத்தைத் துண்டால் மூடியபடி ஒருவர். அவர் பெரும்பாலும் மலையாளி இனப் பழங்குடியாகவோ நரிக்குறவராகவோ இருப்பார். காய்ச்சியது, துளைத்தது, சீவியது எல்லாம் அவரோ அவர் ஊர்க் கொல்லரோதான். விளக்குக்கரி தடவிப் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அவரைப் படமெடுக்க ஆட்கள் வருகிறார்கள், ஆனால் அது வில்லியம்ஸ்பர்க் எடுத்த மாதிரிப் படம் இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார்: அப்படியானால் காட்டில் மான் சுடலாம் என்கிறீரா? இல்லை. 1972-ன் வன உயிர்ச் சட்டம் சரியான சட்டம். கடமானைச் சுட்டவரைப் பிடிக்கத்தான் வேண்டும். நாட்டுத் துப்பாக்கி ஆளையும் கொல்லும். பங்காளிச் சண்டையில் அது பேசியது உண்டு, குறி தவறிக் கூட வந்தவன் செத்ததும் உண்டு. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அமெரிக்கா அந்தக் கொடியைப் பிடித்து எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். என் கோபம் வேறு. ஆபத்தான பொருள் என்றால் எல்லார் கையிலும் ஆபத்தாகத்தானே இருக்க வேண்டும்? அதெப்படி ஒருவர் கைக்கு வந்தால் கலையாகவும், இன்னொருவர் கைக்கு வந்தால் கேஸ் கட்டாகவும் மாறுகிறது?

நம் சர்க்காருக்கும் பழம்பொருள் ரசனை இல்லாமல் இல்லை. 2020 பிப்ரவரியில் உள்துறை விதியைத் தளர்த்தியது. கலைப்பொருள் வகையில் வரும் பழைய துப்பாக்கிகளை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமகனுக்கு இனி உரிமம் வேண்டாம். எடுத்துச் சென்றாலோ சுட்டாலோதான் வேண்டும். ஜமீன் மாளிகைச் சுவரில் மான்தலைக்குக் கீழே பெருக்கல் குறி மாதிரி மாட்டியிருக்கிறதே, அதற்கு இனி நிம்மதி. மலைமேல் ஓலைக்கூரையில் செருகியிருக்கிற குழலுக்கும் வயது ஆகியிருக்கலாம். தாத்தா காலத்துச் சாமானாக இருக்கலாம். ஆனால் அதைக் கலைப்பொருள் என்று யார் சான்று தருவது? கூரை ஓலையாக இருந்தால் அது கலைப்பொருள் ஆகாது. ஓடாவது வேண்டும்.

உரிமம் உள்ளவர் பாடு தேவலாமா? காட்டுப்பன்றி கடலைக்காட்டைக் கலைக்கிறது என்று மனு மேல் மனு போட்டு, ஒற்றைக்குழல் வாய்க்கெட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கின விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். தேர்தல் அறிவித்தால் போதும், ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்: “பெரியவரே, துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க.” நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி, இடைத்தேர்தல். குண்டு போட்டு, நார் வைத்து, கோலால் குத்தி, கேப் மாட்டிச் சுடுவதற்குள் வாக்குச்சாவடியே கலைந்துவிடும். ஆனாலும் ஜனநாயகம் அந்தக் கிழவரைக் கண்டுதான் நடுங்குகிறது. தேர்தல் முடியும்வரை பன்றிக்கு நடத்தை விதிகள் பொருந்தாது.

மலையேறி அந்தப் பக்கம் இறங்கினால் குடகு. அங்கே கதையே வேறு. 1857 சிப்பாய்க் கலகத்தில் வடக்கே எல்லாம் பற்றி எரிந்தபோது குடகு விசுவாசமாக இருந்தது என்பதற்காக, 1861-ல் வெள்ளைக்காரன் அந்த மண்ணின் கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு அளித்தான். வெள்ளைக்காரன் போனான், விலக்கு போகவில்லை. கொடவராகப் பிறந்திருந்தால், அல்லது ஜம்மா எனும் பரம்பரை நிலம் வைத்திருந்தால், துப்பாக்கிக்கு உரிமம் எடுக்கத் தேவையில்லை. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள், ஆண்குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கிச் சுடுகிறார்கள். வணங்கட்டும், அவர்கள் பண்பாடு. அந்த மக்கள்மேல் எனக்குப் பொறாமை கிடையாது. ஆனால் துப்பாக்கி வைத்திருக்கப் பிறப்பும் நிலமும் தகுதி என்று குடியரசு ஒப்புக்கொண்டதே, அதைப் பற்றி வாய் திறந்தால் ஏன் எல்லோரும் பாரம்பரியம், பாரம்பரியம் என்கிறார்கள்? குருவி சுட்டுப் பிழைத்த நரிக்குறவருக்குப் பாரம்பரியம் இல்லையா? இருந்தது. ஆனால் 1857-ல் வெள்ளைக்காரனுக்கு அவர் எந்த உபகாரமும் செய்ததாகப் பதிவு இல்லை.

இந்தத் தராசு யார் கடையில் செய்தது என்பதும் தெரிந்ததே. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்ட கம்பெனி, டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் அறிவிப்பு விட்டுத் தென்சீமையின் ஆயுதங்களைப் பிடுங்கியது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் பிரபு நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியனுக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம். கரிமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு. அந்த உப்பைப் பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக அள்ளிப்போனவர்கள் அவர்கள். உப்பு நம்முடையது, குண்டு பட்டதும் நாம், உரிமம் கேட்டு மனுப்போட்டு நின்றதும் நாம். சுதந்திரம் வந்த பிறகு ஐரோப்பியன் என்ற சொல்லை அடித்துவிட்டோம். அந்த இடத்தைக் காலியாக விடவில்லை.

1968-ல் அமெரிக்கா பழைய துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து இறக்கிய அதே வருஷம், இங்கே ‘ஒளிவிளக்கு’ படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேஷம் கட்டி ஆடினார்கள். தமிழ்நாடு விசிலடித்தது. ஒருவர் மான்தோல் போட்டு மூதாதை வேஷம் கட்டுகிறார், இன்னொருவர் பாசிமணி போட்டு நரிக்குறவர் வேஷம் கட்டுகிறார். வேஷம் கட்டியவர்கள் இருவரும் பத்திரமாக வீடு திரும்பினார்கள். வேஷம் கட்டாமல் அப்படியே பிறந்தவர்தான் பேருந்து நிலையத்தில் ஊசி பாசி விற்றுக்கொண்டு, எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் விசாரிக்கப்படுகிறவராக நின்றார்.

பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2023-ல்தான் நரிக்குறவர், குருவிக்காரர் பழங்குடிப் பட்டியலில் ஏறினார்கள். இனி சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். தமிழ்நாட்டுப் பழங்குடிகள் அந்தக் காகிதத்துக்காகப் படும் அலைச்சல் ஊரறிந்தது. உன் அப்பன் சான்றிதழ் எங்கே, பாட்டன் பதிவு எங்கே, நீ இன்னார்தான் என்பதற்கு அரசு ஆவணம் ஏதாவது உண்டா என்று மேசைக்கு மேசை கேட்பார்கள். உண்டு ஐயா. ஆயுதச் சட்டம் 25-ம் பிரிவில் தாத்தாமேல் போட்ட வழக்கின் முதல் தகவல் அறிக்கை இருக்கும், எடுத்துப் பாருங்கள். குழலின் நீளத்தைத் தப்பாக எழுதியிருப்பார்கள், தேதியைத் தப்பாக எழுதியிருப்பார்கள். சாதியை மட்டும் சரியாக எழுதியிருப்பார்கள்.